வைஃபையில் ஃபைல் நகல் 2.8 மெகாபைட்டிலேயே நிற்பது ஏன்?

கேள்வி இதுதான். கல்யாண வீடியோ எடுத்துத் தொகுக்கும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். மாடி அறையில் லேப்டாப், கீழ் அறையில் டெஸ்க்டாப், வாசல் ஹாலில் இன்டர்நெட் நிறுவனம் மாட்டிக்கொடுத்த ரவுட்டர். இரண்டு கணினிகளும் வைஃபையில் இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் லேன் போர்ட் இருந்தும், பின்னால் விரல்நகம் அளவு யுஎஸ்பி டாங்கிள் (கணினிக்கு வைஃபை தரும் குட்டிக் கருவி) ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார். லேப்டாப்பில் இறக்கிய 64 ஜிபி வீடியோவை டெஸ்க்டாப்பின் பகிர்வு ஃபோல்டருக்கு நகலெடுத்தால் வினாடிக்கு 2.8 மெகாபைட்தான் வருகிறது; ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. இணைப்பு வேகம் என்று விண்டோஸ் காட்டுவது லேப்டாப்பில் 87 எம்பிபிஎஸ், டெஸ்க்டாப்பில் 72 எம்பிபிஎஸ். இன்டர்நெட் பிளான் 100. லேப்டாப்பில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 48. நிறுவனத்து ஆள் 300 பிளானுக்கு மாறச் சொல்கிறார். கடைக்காரர் மெஷ் செட் (வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள்) வாங்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். கேட்கும்போதே எண்களை முழுதாகக் கொடுத்துவிட்டீர்கள். பெரும்பாலானவர்கள் ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். இந்த எண்களுக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் அவற்றைப் படித்துவிடுவோம்.

முதலில் பிளான் விஷயம். லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்குப் போகும் ஃபைல் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. ரவுட்டர் வரை போய், அங்கிருந்து திரும்பிக் கீழ் அறைக்கு வருகிறது, அவ்வளவுதான். சந்தேகமிருந்தால், தெருவில் எங்காவது ஃபைபர் அறுந்து இன்டர்நெட் செத்துக் கிடக்கும் நாளில் நகலெடுத்துப் பாருங்கள். அன்றைக்கும் அதே 2.8 வரும். பிளானை 300 ஆக்கினாலும் 1000 ஆக்கினாலும் இந்த எண் அசையாது. சொல்லப்போனால், 100 பிளானில் உங்கள் ஸ்பீட் டெஸ்ட் 48 காட்டுவதே நீங்கள் ஏற்கெனவே வாங்கியதில் பாதி லேப்டாப் வரை வந்து சேரவில்லை என்பதற்குச் சாட்சி. 300 வாங்கினாலும் மாடியில் 48தான். ஒரே ஒரு விதிவிலக்கு: கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஏற்றி, அடுத்த கணினியில் இறக்குகிறீர்கள் என்றால் ஃபைல் உண்மையிலேயே வெளியே போய்த் திரும்புகிறது. அப்போது பிளான், முக்கியமாக அப்லோட் வேகம், கணக்கில் வரும். நீங்கள் செய்வது அதுவல்ல.

அடுத்தது அளவு. நிறுவனங்களும் ரவுட்டர் பெட்டிகளும் விண்டோஸின் இணைப்பு வேகமும் பேசுவது மெகாபிட்டில்; எம்பிபிஎஸ் என்பது வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதுதான். ஃபைல் நகலெடுக்கும் பெட்டி காட்டுவது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 2.8 மெகாபைட் என்பது ஏறக்குறைய 22 மெகாபிட். 87, 72, 48, 22 என்று நான்கையும் ஒரே அளவில் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இணைப்பு வேகம் என்பது ரேடியோ அலை அந்த நொடியில் பிட்டுகளைத் தூக்கியெறியும் வேகம். அதில் முழுதும் உங்கள் வீடியோவுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னே தலைப்புத் தகவல், பின்னே ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை, நடுவில் வேறு யாரும் பேசவில்லை என்று உறுதிசெய்துகொள்ளக் காத்திருக்கும் இடைவெளி, பக்கத்து வீட்டு வைஃபை பேசி முடிக்கும் வரை மௌனம். எல்லாம் போக ஐம்பது முதல் அறுபத்தைந்து சதவீதம் மிஞ்சினால் நல்ல வைஃபை. 87-க்கு ஐம்பது சொச்சம். உங்கள் ஸ்பீட் டெஸ்டின் 48 அதனோடு ஒட்டிப்போகிறது. அதே விகிதத்தில் 72-க்கு நாற்பத்திரண்டு போல வரும்.

அப்படியானால் நகல் குறைந்தபட்சம் 42 மெகாபிட்டில், அதாவது வினாடிக்கு 5 மெகாபைட்டில் ஓட வேண்டாமா? வேண்டாம். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டு கணினிகளும் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசைத் துண்டில், இருக்கின்றன; அவை ஒன்றோடொன்று நேரே பேசுவதும் இல்லை. லேப்டாப் ரவுட்டருக்கு அனுப்புகிறது. ரவுட்டர் அதையே மறுபடி டெஸ்க்டாப்புக்கு ஒலிபரப்புகிறது. ஒற்றைத் தண்டவாளப் பாலம் மாதிரி, ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போக முடியும். ஒரு மெகாபைட்டை, அதாவது 8 மெகாபிட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு 50 வேகத்தில் 0.16 வினாடி. ரவுட்டரிலிருந்து டெஸ்க்டாப்புக்கு 42 வேகத்தில் 0.19 வினாடி. மொத்தம் 0.35 வினாடி. ஒரு வினாடியில் எத்தனை மெகாபைட்? 2.86.

உங்கள் 2.8 இங்கிருந்துதான் வருகிறது. எதுவும் பழுதாகவில்லை. வைரஸ் இல்லை, விண்டோஸ் கோளாறு இல்லை, ரவுட்டரும் சாகவில்லை. உங்கள் அமைப்பு தன்னால் முடிந்ததைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

ஆனாலும் கணக்கு ஒத்துப்போகிறது என்பதற்காக வட்டை (டிஸ்க்கை) விசாரிக்காமல் விடக்கூடாது. வைஃபையைக் குறைகூறி வந்தவர்களில் கணிசமானோருக்கு உண்மையான முட்டுக்கட்டை பென்டிரைவாகவோ, பழைய ஹார்ட் டிஸ்க்காகவோ இருப்பதைப் பார்த்திருக்கிறேன். டெஸ்க்டாப்பில் நீங்கள் எந்த வட்டில் எழுதுகிறீர்களோ, அதே வட்டுக்கு அதே கணினியின் இன்னொரு வட்டிலிருந்து ஒரு பெரிய ஃபைலை, பத்து ஜிபியாவது, நகலெடுங்கள். கையில் எடுத்துச்செல்லும் சிறிய ஹார்ட் டிஸ்க் என்றால் எண்பதிலிருந்து நூற்றுச் சொச்சம் மெகாபைட் வர வேண்டும். 35, 40 என்று நின்றால் அது யுஎஸ்பி 2.0 துளையில் செருகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நீலநிறத் துளைக்கு மாற்றுங்கள். முதலில் பறந்து, சில ஜிபி கழித்துப் படுத்துவிட்டால் வட்டின் தற்காலிக நினைவகம் நிரம்பிவிட்டது. மலிவான எஸ்எஸ்டிகளும் சில வகை ஹார்ட் டிஸ்க்குகளும் இப்படித்தான் நடந்துகொள்ளும். விண்டோஸ் நகல் பெட்டியில் ‘கூடுதல் விவரம்’ என்பதை அழுத்தினால் வரும் வரைபடத்தைக் கவனியுங்கள். ஏறக்குறைய தட்டையான கோடு என்றால் பிணையம் (நெட்வொர்க்) தன் உச்சியைத் தொட்டுவிட்டது. ரம்பப் பல் போல ஏறி இறங்கி, நடுநடுவே பூஜ்யத்தில் விழுந்தால் முதல் சந்தேகம் வட்டின் மேல்.

வட்டையே ஒதுக்கிவிட்டுப் பிணையத்தை மட்டும் அளக்க வேண்டுமா? ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரல் இருக்கிறது. ஒரு கணினியில் சர்வராகவும் மற்றதில் கிளையன்ட்டாகவும் ஓட்டினால், ஒன்றின் நினைவகத்திலிருந்து மற்றதன் நினைவகத்துக்குத் தரவை அனுப்பி, மெகாபிட்டில் எண்ணைச் சொல்லும். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும், கொடுங்கள். திசையைத் திருப்பியும் ஒருமுறை ஓட்டுங்கள், ஏனென்றால் வைஃபை இரு திசையிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐபெர்ஃப் 22 சொல்லி, நகலும் 2.8 காட்டினால் பிணையம்தான் குற்றவாளி. ஐபெர்ஃப் 400 சொல்லி, நகல் மட்டும் 5 காட்டினால் வட்டு, ஆன்டிவைரஸ், பகிர்வு அமைப்பு என்று கணினிக்குள்ளே தேட வேண்டும்.

இப்போது அந்த 72-ம் 87-ம் எப்படி வந்தன என்று பார்ப்போம். இரண்டும் வெவ்வேறு நோய்.

டெஸ்க்டாப்பின் 72, வன்பொருளின் கூரை. அந்த நகத்தளவு டாங்கிள் 802.11என் என்ற பழைய வைஃபை வகை, ஒரே ஆன்டெனா, வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4, 5 கிகாஹெர்ட்ஸில் 2.4 மட்டும். பெட்டியில் 150 என்று அச்சடித்திருப்பார்கள். அந்த 150 வர 40 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும். அக்கம்பக்கத்தில் பிற வைஃபைகள் இருந்தால் பெரும்பாலான ரவுட்டர்கள் 20-க்குச் சுருங்கிவிடும். 20-இல் ஒற்றை ஆன்டெனாவின் உச்சம் 72.2. ஆக, ரவுட்டரை டாங்கிளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாலும் இதற்கு மேல் போகாது. அதுவும் அது தரையோரம், இரும்புப் பெட்டியின் முதுகில், சுவரைப் பார்த்துச் செருகியிருக்கிறது. பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தால் இன்னொரு தொல்லை: யுஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. நகல் தொடங்கியதும், அதாவது ஹார்ட் டிஸ்க் எழுத ஆரம்பித்ததும், வைஃபை தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். டாங்கிளை விட முடியாது என்றால், அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு மேசை மேலே கொண்டுவாருங்கள். குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல வைத்தியம் இது.

லேப்டாப்பின் 87, தூரத்தின் விளைவு. 87 என்பது இரண்டு ஆன்டெனா கொண்ட கருவி 2.4-இல் சிக்னல் குறைந்தபோது இறங்கி வந்து நிற்கும் படி. பக்கத்தில் இருந்தால் அதுவே 144 காட்டியிருக்கும். உங்கள் லேப்டாப் மாடலுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் உண்டு. ஆனால் ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் ஒலிபரப்புவதால், மாடியில் வலுவாகத் தெரியும் 2.4-ஐ அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

சரி, என்ன செய்வது? டெஸ்க்டாப்பை வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு ரவுட்டருக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. எந்த ரவுட்டர், எத்தனை ஆன்டெனா, என்ன விலை என்று யார் என்ன சொன்னாலும், அசையாத கணினி ஒன்றை வைஃபையில் வைத்திருப்பதற்கு வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கேபிள் போட்டவுடன் காற்றில் இரண்டு முறை போன தரவு ஒரு முறை மட்டும் போகும். லேப்டாப்பில் எதையும் தொடாமலே 2.8 என்பது 6 ஆகிவிடும். ஆறேகால் மணி நேரம் மூன்று மணி நேரமாகிறது.

கேபிள் வாங்கும்போது ஏமாற இடமுண்டு. கேட் 5இ போதும். கேட் 6 இருந்தால் மகிழ்ச்சி. அதற்கு மேல் வீட்டுக்குத் தேவையில்லை. உள்ளே எட்டு ஒயர்கள், நான்கு ஜோடிகள். கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேலை செய்ய வேண்டும். 100 எம்பிபிஎஸ்-க்கு இரண்டு ஜோடி போதும். நடப்பது என்னவென்றால், மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு ஒயர் சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டால், அதாவது முனைப் பிளக்கில் அழுந்திப் பதியாவிட்டால், இணைப்பு அறுந்துபோகாது; சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்கிறதே என்று கிரிம்ப் செய்தவர் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆகவே அவர் நிற்கும்போதே விண்டோஸில் ஈதர்நெட் இணைப்பின் வேகத்தைத் திறந்து பாருங்கள்: 1000 அல்லது 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்க வேண்டும். 100 என்றிருந்தால் இரண்டு முனைகளையும் வெட்டி மறுபடி போடச் சொல்லுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுக் கேபிள்களும் சந்தையில் உலவுகின்றன. தூக்கிப் பார்த்தால் எடை குறைவாக இருக்கும், வளைத்தால் உடையும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். மின்சார ஒயர் போகும் அதே குழாயில் இதைத் திணிக்காதீர்கள். வேகத்தைக் காட்டிலும் உங்கள் பாதுகாப்புக்காகச் சொல்கிறேன்.

கேபிள் நல்லதாக இருந்தும் 100 மட்டுமே வந்தால் ரவுட்டரின் போர்ட்டைச் சந்தேகியுங்கள். இங்கே எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ‘ஏசி1200’ என்று பெரிதாக அச்சிட்டு விற்கப்படும் மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் லேன் போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ். அந்த 1200 என்பது 2.4-இன் 300-ஐயும் 5-இன் 867-ஐயும் கூட்டி, மேலே ஒரு தட்டு தட்டி முழுமையாக்கிய எண். எந்தக் கருவிக்கும் 1200 கிடைக்காது. 867 இணைப்பில் உள்ளே வருவது 100 போர்ட் வழியாக வெளியே போக வேண்டும். அகலமான வாசல் வைத்துக் குறுகலான கொல்லைப்புறம் கட்டியவர்கள், பெட்டியின் முன்பக்கத்தில் வாசலை மட்டும் படம் போட்டிருக்கிறார்கள். ஃபைபர் நிறுவனங்கள் தரும் சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் மீதி 100 ஆகவும் இருக்கும். போர்ட்டின் மேல் ‘ஜிஇ’ என்று குறித்திருந்தால் கிகாபிட், ‘எஃப்இ’ என்றால் 100. உங்கள் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். டெஸ்க்டாப் ஒயரை அடுத்த துளைக்கு மாற்றுவதே ஒரு தீர்வாக இருந்துவிடக்கூடும்.

நகல் வேகம் 11 மெகாபைட் அருகே வந்து அங்கேயே உறைந்து நின்றால் வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் கண்ணி இருக்கிறது. வேறெதையும் தேட வேண்டாம். 110-ஐ ஒட்டி நின்றால் கிகாபிட்டின் உச்சி; காபி குடிக்கப் போகலாம். இணைப்பு வேகம் 54 என்று காட்டி நகர மறுத்தால், ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பில் டிகேஐபி என்ற பழைய முறை தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதை வைத்திருந்தால் 802.11என் வேகங்கள் கிடைக்காது. பழைய 54-உடன் நின்றுவிடும். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3-க்கு மாற்றுங்கள். டபிள்யூஎம்எம் என்ற தேர்வை யாராவது அணைத்து வைத்திருந்தாலும் இதே கதிதான்.

அடுத்தது லேப்டாப். ரவுட்டர் அமைப்புக்குள் போய் 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். லேப்டாப்பை 5-இல் சேர்த்து, 2.4-இன் பெயரை அதில் மறக்கச் செய்துவிடுங்கள். இந்தியாவில் 2.4-இல் நமக்குக் கிடைத்திருக்கும் மொத்த இடம் 83.5 மெகாஹெர்ட்ஸ், ஒன்றையொன்று மிதிக்காமல் அதில் மூன்று சேனல்கள்தான் அடங்கும்: 1, 6, 11. அதற்குள் தெரு முழுவதும், புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பும் முண்டியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைக்குப் பிறகு 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்தக் கிடைக்கிறது. அங்கே 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலை நிம்மதியாக விரிக்கலாம். சேனலை 36 அல்லது 149 என்று வைத்துப் பாருங்கள். 52-இலிருந்து 144 வரை உள்ளவை ரேடார்களோடு பங்குபோட்டுக் கொள்பவை. ரேடார் சிக்னல் தென்பட்டதாக ரவுட்டர் நினைத்தால் நடுநகலில் சேனலை விட்டு ஓடிவிடும். 2.4-ஐ டிவி, கேமரா, போன்களுக்கு விட்டுவிடுங்கள். அங்கே 40 அகலம் கேட்டு அக்கம்பக்கத்தாரோடு சண்டை போடாதீர்கள், 20 போதும்.

ஆனால் 5-இன் பலவீனம் சுவர். நம் ஊர் வீடுகளின் ஒன்பதங்குலச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் அதற்குப் பெரிய எதிரிகள். அமெரிக்காவில் மரச்சட்ட வீட்டில் உட்கார்ந்து எழுதியவரின் ‘ஒரு ரவுட்டர் வீடு முழுக்கப் போதும்’ என்ற பரிந்துரை இங்கே எடுபடாது. ஹாலில் ரவுட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தால் லேப்டாப் 867 காட்டும். கிகாபிட் போர்ட்டும் கேபிளும் சரியாக இருந்தால் வினாடிக்கு 50, 60 மெகாபைட் எதிர்பார்க்கலாம். தளத்துக்கு மேலே போனால் அதில் கால் பங்கு கிடைத்தாலே நல்லது. ரவுட்டரை மாற்றி வைக்க முடியுமானால் மாடிப்படி திறப்புக்கு நேராக, ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். டிவிக்குப் பின்னாலும், இரும்பு பீரோ மேலும், மீட்டர் பெட்டிக்குள்ளும் வேண்டாம். பெட்டியை எங்கே மாட்டுவது என்பதை வழக்கமாக முடிவுசெய்வது ஃபைபர் ஒயரின் நீளம்தான். மாட்ட வந்தவர் திரும்பிப் போகும் முன் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இப்போதும் மாற்றித்தரக் கேட்கலாம்.

செலவே இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது, யாரும் செய்வதில்லை: பெரிய நகல் இருக்கும்போது மட்டும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு இறங்கி வாருங்கள். டெஸ்க்டாப் கேபிளில், லேப்டாப் 5-இல், ரவுட்டருக்கு எதிரே. வினாடிக்கு 60 கிடைத்தால் 64 ஜிபி பதினெட்டு நிமிடம். அதைவிடவும் வேகமாக வேண்டுமா? லேப்டாப்பில் லேன் போர்ட் இருந்தால் ஒரே கேபிளில் இரண்டு கணினிகளையும் நேரடியாக இணையுங்கள். குறுக்குக் கேபிள் தேடும் காலம் எப்போதோ போய்விட்டது. 169.254 என்று தொடங்கும் முகவரிகளை இரண்டும் தாமே எடுத்துக்கொள்ளும். நல்ல வட்டுகள் இருந்தால் 110 வரும், பத்து நிமிடத்தில் முடியும். உங்கள் தொழிலுக்கு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு மாடி இறங்குவதும் வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. கார்டு ரீடரை நேரே டெஸ்க்டாப்பில் செருகினால் நகலே தேவையில்லாமல் போய்விடும் என்பதையும் மெல்லச் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகும் ஃபோல்டரைப் பொறுத்து வேகம் மாறுவதைக் கவனிப்பீர்கள். வீடியோக்கள் பறக்கும், எடிட்டிங் மென்பொருள் உண்டாக்கிய தற்காலிக ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர் ஊர்ந்து போகும். ஒவ்வொரு ஃபைலுக்கும் உருவாக்கு, திற, எழுது, தேதி பதி, மூடு என்று இரு கணினிகளும் பலமுறை கேட்டுப் பதில் பெற வேண்டும். ஒரு ஃபைலுக்கு 30 மில்லி வினாடிச் சடங்கு என்றாலும் 40,000 ஃபைல்களுக்கு இருபது நிமிடம். அதில் ஒரு பைட் தரவும் நகர்ந்திருக்காது. அப்படிப்பட்ட ஃபோல்டரைச் சுருக்காமல், ஸ்டோர் முறையில், ஒரே ஜிப் ஆக்கி அனுப்புங்கள். அல்லது விண்டோஸுடன் வரும் ரோபோகாப்பி என்ற நகல் நிரலைப் பல இழைகளில், அதாவது ஒரே நேரத்தில் பல ஃபைல்களை அனுப்பும்படி, ஓட விடுங்கள். கேட்காவிட்டால் ஒரு இழை, பல இழை வேண்டும் என்றால் இயல்பாக எட்டு, அதிகபட்சம் 128. வைஃபைக்கு எட்டே தாராளம். நேர்மையாகச் சொன்னால், அந்தத் தற்காலிக ஃபைல்களை நகலெடுக்கவே தேவையில்லை. அங்கே போய் மென்பொருள் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் சில சமயம் வீட்டுக்குள் போக வேண்டிய தரவையும் வெளியே இழுத்துக்கொண்டு போகும், நகலின்போது அணைத்துவிடுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். பேட்டரியில் வைஃபை அட்டை சோம்பிப்போகும். கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒரு கணினி இருந்தால் வேகம் குறையாது, மற்றதையே பார்க்காது. ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வீட்டுச் சர்வர் ஆக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்; அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் செயலி சிறியது, உங்கள் டெஸ்க்டாப் பகிர்வே மேல்.

கடைசியாக அந்த மெஷ் செட். ஒயர் இல்லாமல் வைத்தால் மாடியில் இருக்கும் பெட்டி கீழே உள்ள பெட்டியோடு காற்று வழியாகத்தான் பேச வேண்டும். நீங்கள் இப்போது சிக்கியிருக்கும் ‘இரண்டு முறை காற்றில்’ என்ற அதே கணக்கை மேலே ஒரு தளத்தில் மறுபடி கட்டுவதாக ஆகும். சிக்னல் கோடுகள் நிறைந்து தெரியும், நகல் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வேகமாகாது. மலிவான ரிப்பீட்டர் என்றால் நிலைமை இன்னும் மோசம். அதற்குப் பதில் மாடிக்கும் ஒரு கேட் 6 கேபிளை ஏற்றி, அதன் முனையில் கிகாபிட் போர்ட்டுள்ள 2.4, 5 இரண்டும் உள்ள ஒரு சாதாரண டூயல் பேண்ட் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாக்கித் தரும் பெட்டியாக, மாட்டுங்கள். அப்போது லேப்டாப்புக்கும் அதற்கும் நடுவில் தளம் இருக்காது, சுவரும் இருக்காது. கடைக்காரர் மெஷ்தான் என்று பிடிவாதமாக இருந்தால், இரண்டு பெட்டிகளையும் ஒயரால் இணைக்க முடியுமா, போர்ட்டுகள் கிகாபிட்டா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் வாங்கலாம். ஆனால் கீழே டெஸ்க்டாப்புக்கு கேபிள் போட்டு ஒரு வாரம் வேலை பார்த்த பிறகு வாங்குங்கள். அதற்குள் உங்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம்.